பறவைக் கூடுகளும் பாட்டி சொன்ன கதைகளும்

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் ஆகிய பகுதிகளில் நம் சமூகத்தார் வாழ்ந்துவரும் ஊர்கள் பெரும்பாலும் ஏரியும் கழனியும் கொல்லையும் சூழ்ந்த ஊர்களே. ஜினாலயத்து மதிலின் இடுக்குகளிலும், வீட்டு ஓடுகளின் அடியிலும், கிணற்றோரப் பனையிலும் தலைமுறை தலைமுறையாகப் பறவைகள் நம்மோடு குடியிருந்து வருகின்றன. ஐம்பொறி உயிர்களுக்கு எடுத்துக்காட்டுக் கூறுக என்று பாடசாலையில் கேட்டால், காகம், கிளி, மயில் என்று நம் பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுகின்றனர். அந்தக் காகம் எந்தப் பருவத்தில் கூடு கட்டுகிறது, எத்தனை முட்டையிடுகிறது, குஞ்சு எத்தனை நாளில் வெளிவருகிறது என்று அடுத்துக் கேட்டால், பிள்ளைகளோடு பெரியவர்களும் சேர்ந்து விழிக்கின்றனர்.

பறவைகளைப் பற்றி நம்மிடம் வழங்கும் செய்திகளுள் பெரும்பகுதி பாட்டிமார்கள் சொல்லிவைத்தவை. அவற்றுள் சில, வயலிலே பிறந்து வயலிலே வளர்ந்தவர்களின் கூர்ந்த கவனிப்பால் விளைந்தவை. சில, வெறும் அச்சத்தால் விளைந்தவை. இன்னும் சில, இரக்கம் போலத் தோன்றிப் பறவைக்குக் கேடு செய்பவை. இம்மூன்றையும் பிரித்தறியாமல் கொல்லாமையைக் கடைப்பிடிக்க முயன்றால் என்ன நேரும் என்பதற்கு என் இளமையில் நிகழ்ந்த ஒன்றையே முதலில் கூறுகின்றேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். எங்கள் ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில் சிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்று விழுந்து கிடந்தது. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் பருவம். அதனைக் கையில் எடுத்துவிட்டேன். “மனிதர் கை பட்ட குஞ்சைத் தாய்க்குருவி சேர்க்காது, இனி நாம்தான் வளர்க்க வேண்டும்” என்று வீட்டிலே கூறினார்கள். கூடையில் பஞ்சு பரப்பி வைத்தோம். பசும்பாலைத் திரியில் நனைத்து வாயில் விட்டோம். குழைந்த சோற்றை ஊட்டினோம். சன்னலுக்கு வெளியே இரண்டு குருவிகள் அன்று முழுவதும் கத்திக்கொண்டிருந்தன. அவை எதற்காகக் கத்துகின்றன என்று எங்களுள் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் குஞ்சு இறந்து கிடந்தது. ஆயா கண்ணீர் விட்டார், நானும் அழுதேன். எங்கள் வீட்டில் எறும்பு கிடக்கும் இடத்தில் துடைப்பம் போடமாட்டார்கள். அத்தகைய வீட்டில், ஒரு தீய எண்ணமும் இன்றி, ஓர் உயிரைத் தாய் தந்தையர் கண்ணெதிரிலேயே பிரித்து வைத்துக் கொன்றோம்.

பறவைகள் தம் குஞ்சைப் பார்வையாலும் குரலாலும் அறிகின்றன. மனிதக் கையின் வாடைக்காகக் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைத்த குஞ்சு கூட்டைவிட்டுத் தரைக்கு வருவது பெரும்பாலும் விபத்து அன்று. பறக்கப் பழகும் பருவத்தில் ஓரிரு நாள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் அது திரியும். தாயும் தந்தையும் அங்கேயே வந்து இரையூட்டும். பறவையின் குடல் பாலைச் செரிக்கும் இயல்புடையதன்று. திரியால் ஊற்றும் நீர்மம் மூச்சுக்குழலில் இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே இறகு முளைத்த குஞ்சைக் கண்டால், பூனைக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் அருகிலுள்ள கிளையிலோ சுவரிலோ வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இறகே முளையாத குஞ்சாயின் கூட்டைத் தேடி அதனுள்ளே வைத்துவிட வேண்டும். இதற்குமேல் நாம் செய்யத்தக்கது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. இந்தச் சிறு செய்தியை அன்று யாரேனும் எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்தக் குஞ்சு பறந்து போயிருக்கும்.

தூக்கணாங்குருவி

கூடு என்றவுடன் நம் நினைவிற்கு வருவது தூக்கணாங்குருவியின் கூடே. பனையோலை நுனியிலும், ஈச்சமரத்திலும், கிணற்றின்மேல் சாய்ந்த முள்மரக் கிளையிலும் சுரைக்குடுக்கைபோல் வரிசையாகத் தொங்கும் இக்கூடுகளை அறியாதார் இலர். மழைப்பருவம் தொடங்கி நெற்பயிர் தழைக்கும் காலமே இதன் இனப்பெருக்கக் காலம். அப்போது ஆண்குருவியின் உச்சந்தலையும் மார்பும் பளிச்சிடும் மஞ்சள் நிறம் பெறும். பெண் ஆண்டு முழுவதும் சிட்டுக்குருவிப் பெடையைப் போன்ற மங்கல் நிறத்திலேயே இருக்கும்.

கூட்டைக் கட்டுவது ஆண்குருவி. நெல், புல் இவற்றின் இலை விளிம்பிலோ பனையோலையிலோ அலகால் ஒரு வெட்டு வெட்டும். வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். இலை நீள நாராகக் கிழிந்து வரும். பச்சை நார் வளையும், காய்ந்தபின் இறுகும் என்பதைக் கயிறு திரிப்போர் அறிவர், குருவியும் அறிந்திருக்கிறது. முதலில் கிளையில் முடிச்சிட்டு, ஒரு வளையம் பின்னி, அவ்வளையத்தைக் கவிழ்த்த தொப்பியைப் போல ஆக்கும். இவ்வளவில் ஏறக்குறைய எட்டு நாள் கழியும். அங்கே வேலையை நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கூவி, பெண்குருவிகளை அழைக்கும். அவை வந்து, உள்ளே புகுந்து, இழுத்துப் பார்த்துச் செல்லும். ஒரு பெண் ஏற்றுக்கொண்டால் மட்டுமே முட்டை அறையும், கீழ்நோக்கித் தொங்கும் நுழைவுக்குழலும் கட்டி முடிக்கப்படும். ஏற்கப்படாத கூடு பாதியிலேயே கைவிடப்படும். மரத்தில் அரைகுறைக் கூடுகள் பல தொங்குவது இதனாலேதான். ஒரு கூடு முற்றுப்பெற ஏறக்குறைய 18 நாள் ஆகும். அதற்குள் நார் கொண்டுவர ஆண்குருவி 500 முறை வரையிலும் பறந்து செல்கிறது.

இதன் இல்லறத்தைப் பற்றி வழங்கிவந்த கருத்தை மாற்றியவர் பறவை அறிஞர் சாலிம் அலி. மும்பைக்கு அருகில் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இக்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஒரு பெண் கூட்டை ஏற்று முட்டையிட்டவுடன், ஆண் அதே மரத்தில் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை அழைப்பதை அவர் கண்டறிந்தார். இரண்டு முதல் நான்கு வெண்ணிற முட்டைகளை அடைகாப்பது பெண்ணே. இரண்டு வாரத்திற்குச் சற்று மேற்பட்டுக் குஞ்சு பொரியும். மேலும் ஏறத்தாழ அவ்வளவு நாளில் குஞ்சு பறக்கும். கற்புக்கும் ஒற்றுமைக்கும் தூக்கணாங்குருவியை உவமை கூறும் மேடைப்பேச்சாளர்கள் இதனை அறிந்தால் சற்றே சங்கடப்படக்கூடும். விலங்கு கதியில் உள்ள உயிர்களின்மேல் நம் ஒழுக்கத்தைச் சுமத்துவதும், பின்னர் அவை அதில் தவறின என்று இகழ்வதும் நம் பிழையே அன்றிப் பறவையின் பிழை ஆகாது.

இனி, மின்மினிக் கதை. இக்குருவி கூட்டினுள் களிமண்ணை அப்பி, அதிலே மின்மினியைப் பதித்து விளக்கேற்றிக் கொள்ளும் என்று பாட்டிமார் கூறுவர். இதில் பாதி உண்மை. தொப்பி நிலையில் இருக்கும்போதே ஆண்குருவி ஈரமண்ணையோ சாணத்தையோ கொணர்ந்து உட்சுவரில் அப்புவது உண்மையே. கூடு காற்றில் நிலையாக நிற்க அது உதவும் என்று சிலர் கருதுவர். பதித்த மின்மினியோ கதையில் ஒளிர்வதே. பகலெல்லாம் உழைத்து இருட்டியவுடன் உறங்கும் பறவைக்கு விளக்கு எதற்கு? எனினும், மண்பூச்சைக் கண்டு சொன்னவர் யாரோ கூட்டை உற்றுப் பார்த்தவரே என்பதில் ஐயமில்லை.

மழையில் நனைந்த குரங்கிற்கு அறிவுரை கூறப்போய்த் தன் கூட்டை இழந்த தூக்கணாங்குருவியின் கதையை விவேகசிந்தாமணி கூறுகிறது. பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, மூடனுக்கு அறிவுரை கூறாதே என்னும் நீதியோடு நிறுத்திவிடுகிறோம். இன்று கூட்டைப் பிய்ப்பது குரங்கு மட்டும் அன்று. வரவேற்பறையில் தொங்கவிடவும், விழாப் பந்தலை அலங்கரிக்கவும் கூடுகள் விற்கப்படுகின்றன. ‘காலியான கூடுதானே’ என்பர். காலியானதா அன்றா என்பதைத் தரையில் நிற்பவர் எவ்வாறு அறிவார்? குழலின் உள்ளே அமர்ந்திருக்கும் தாய் வெளியே தெரியாது. தூக்கணாங்குருவி நீங்கிய பின்னரும், சில்லை என்னும் சிறு பறவை அக்கூட்டிலேயே புகுந்து முட்டையிடுவதும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சிதைப்பதையும் கூட்டைக் குலைப்பதையும் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குள்ளேயே அடக்கியுள்ளது. வேட்டை என்றால் துப்பாக்கியும் வலையும் மட்டுமே என எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

கிணறுகள் தூர்ந்து ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதாலும், பனைகள் செங்கற்சூளைக்கு இரையானதாலும் இக்குருவி தங்கும் இடங்கள் குறைந்துவிட்டன. தண்ணீருக்குமேல் தொங்கும் கூட்டைப் பாம்பு எளிதில் அணுகாது. உயர்ந்த பனையிலும் அவ்வாறே. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. அறிவிப்பு இருக்கட்டும். நம் கொல்லை வரப்பில் நிற்கும் பனையை விற்பதா வேண்டாமா என்பது நம் கையில் உள்ளது.

ஆள்காட்டி

தூக்கணாங்குருவி உயரத்தை நம்புகிறது. ஆள்காட்டியோ வெறுந்தரையை நம்புகிறது. நீண்ட மஞ்சள் கால்களும், கறுத்த மார்பும், கண்ணுக்கு முன்னே சிவந்த தசைமடிப்பும் உடைய இப்பறவையை நம் பக்கத்தில் ‘ஆக்காட்டி’ என்பர். ஆள் வருவதைக் கூவிக் காட்டிக் கொடுப்பதால் வந்த பெயர். வேட்டைக்காரனுக்கு இதன்மேல் தீராத வெறுப்பு. மற்ற உயிர்களுக்கெல்லாம் இது காவற்காரன்.

பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களில், நீர் வற்றிய ஏரியின் உள்வாயிலும், உழாத கொல்லையிலும் தரையைச் சற்றே குழித்து, சுற்றிலும் சிறு கற்களை வைத்து மூன்று அல்லது நான்கு முட்டைகளை இடும். மண்நிறத்தில் கரும்புள்ளி படர்ந்த அம்முட்டைகள், கூரிய முனை உள்நோக்கி இருக்கும்படி அடுக்கப்பட்டிருக்கும். காலருகே இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படா. ஏறக்குறைய நான்கு வாரம் தாயும் தந்தையும் மாறி மாறிக் காக்கும். கோடை வெயிலில் முட்டை வெந்துவிடாதபடி, அருகிலுள்ள நீரில் இறங்கி வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். பொரிந்த குஞ்சுகள் விரைவிலேயே எழுந்து நடக்கத் தொடங்கும். தாய் எச்சரித்தவுடன் தரையோடு தரையாய்ப் படுத்து அசைவற்றுக் கிடக்கும். எதிரி அணுகினால் பெரிய பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தும். கூடு இல்லாத வேறு திசைக்கு நம்மை இழுத்துச் செல்லவும் முயலும்.

வானம் இடிந்து விழுந்தால் தாங்கிக்கொள்வதற்காக, இது மல்லாந்து படுத்துக் கால்களை மேலே தூக்கி உறங்கும் என்று நம் நாட்டின் பல பகுதிகளிலும் கூறுவர். அவ்வாறு அது உறங்குவதில்லை. ஆயினும் ஓயாத கவலையோடு கத்தும் இப்பறவையைக் கண்டவர் இக்கதையை ஏன் புனைந்தார் என்பது எளிதில் விளங்கும். மேட்டு நிலத்தில் இது முட்டையிட்டால் அவ்வாண்டு மழை மிகும் என்று குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் உழவர்கள் நம்புகின்றனர். நம் நாட்டுப்புறப் பாடல் ஒன்றிலே, எங்கே முட்டையிட்டாய், எத்தனை குஞ்சு பொரித்தாய் என்று ஆக்காட்டியைக் கேட்கின்றனர். குஞ்சுகளுக்கு இரைதேடச் சென்று வலையில் அகப்பட்ட கதையைச் சொல்லி அது அழுகிறது. தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் ஒலிக்கும் அப்பாட்டைப் பாடிய பெண்கள், தரையில் கிடக்கும் அம்முட்டையின் நிலையைத் தம் குடும்பத்து நிலையாகவே கண்டிருக்கின்றனர்.

நம் முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. நான்கு முழ நிலத்தை முன்னே நோக்கி நடத்தல். ஆக்காட்டியின் முட்டையை ஒருமுறை கண்டவர்க்கு இவ்விதியின் பொருள் வேறு விளக்கமின்றியே புரியும். என் பாட்டனார் கோடையுழவிற்குக் கொல்லைக்குச் செல்லும்போது, இப்பறவை கத்திச் சுழலும் இடத்தில் ஏரை நிறுத்திவிட்டு முதலில் நடந்து பார்ப்பார். முட்டை இருந்தால் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, அந்தச் சதுரத்தை விட்டுச் சுற்றி உழுவார். இரண்டு முழச் சதுரம். அதனால் விளைச்சல் குறைந்தது என்று அவர் சொல்லக் கேட்டதில்லை. மாட்டு ஏருக்கு இது எளிது. டிராக்டர் ஓட்டுநருக்குப் பறவையின் குரலே காதில் விழாது. ஆதலால் உழவிற்கு முதல்நாள் மாலையிலேயே நிலத்தைச் சுற்றி வருதல் நலம்.

காகமும் குயிலும்

காகம் தலையில் தட்டிவிட்டது என்று கலங்கி, தலைமுழுகிப் பரிகாரம் தேடுவோர் நம்மிலும் உளர். அது நிகழ்வது எந்த மாதத்தில் என்று குறித்து வைத்தவர் மிகச் சிலரே. பெரும்பாலும் கோடையில், வேம்பிலோ புங்கமரத்திலோ காகம் கூடு கட்டியிருக்கும் காலத்தில்தான் அது நிகழும். குஞ்சு இருக்கும் மரத்தின்கீழ் செல்வோரை அது தாக்கி விரட்டுகிறது. கிரகமும் இல்லை, தோஷமும் இல்லை. நமக்குமேல் ஒரு கூடு இருக்கிறது என்பதே செய்தி. இரண்டு மூன்று வாரம் வேறு வழியாகச் சென்றால் போதும். இதற்காகக் கூட்டைக் கோலால் தள்ளிவிடச் செய்வது, இல்லாத தோஷத்திற்கு அஞ்சி இருக்கும் பாவத்தைத் தேடிக்கொள்வதாகும்.

அக்கூட்டில் குயிலின் முட்டையும் இருக்கக்கூடும். ஆண்குயில் காகத்தின் எதிரே பறந்து அதனைத் தன்பின்னே இழுத்துச் செல்ல, புள்ளியுடைய பழுப்புநிறப் பெண்குயில் வந்து முட்டையிட்டுச் செல்லும். குயிலின் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும். காகத்தின் முட்டைக்குச் சில நாள் கூடுதலாக வேண்டும். முந்திப் பிறந்த குயிற்குஞ்சு இரையை முந்திப் பெறும். வசந்தகாலத்தில் நாம் கேட்டு மகிழும் ‘குக்கூ’ ஆண்குயிலின் குரல். பெண்குரலுக்குக் குயிலை உவமை சொல்லும் வழக்கத்தை நம் புலவர்கள் விடப்போவதில்லை. நாமும் அதனை வற்புறுத்த வேண்டியதில்லை.

ஆந்தை

பறவைகளுள் மூடநம்பிக்கையால் மிகவும் துன்புறுவது ஆந்தை. அது அலறினால் சாவு என்பர். எத்தனை முறை அலறினால் என்ன பலன் என்று எண்ணிக் கூறும் பழம்பாட்டும் உண்டு. இவ்வச்சத்தால் மரப்பொந்தை அடைத்தும், கல்லெறிந்தும், புகையிட்டும் இப்பறவையைக் கொல்கின்றனர்.

நம் ஊர்களில் மாலை மயங்கியதும் இணையாக அமர்ந்து கீச்சிடுவது புள்ளி ஆந்தை. மழைக்காலம் கழிந்தபின் மரப்பொந்திலோ சுவர்ப் பொந்திலோ மூன்று நான்கு முட்டைகளை இடும். இதய வடிவ வெள்ளை முகமுடைய கூகை, பாழடைந்த கட்டடங்களிலும் கோபுர மாடங்களிலும் குடியிருக்கும். முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்குவதால், கூகையின் குஞ்சுகள் ஒன்றைவிட ஒன்று சிறியதாய்ப் படிக்கட்டுப்போல் இருக்கும். இருட்டில் அக்குஞ்சுகள் இரைக்காகச் சீறும் ஒலியையே ‘பேய் மூச்சு’ என்று பலர் அஞ்சியிருக்கின்றனர்.

கூகையின் முதன்மையான உணவு எலி. இங்கே நம் வாசகர் சிலருக்கு ஓர் ஐயம் எழும்: எலியைக் கொல்லும் பறவையைக் காப்பது கொலைக்குத் துணைபோவது ஆகாதா? என் கருத்தைக் கூறுகின்றேன். ஆந்தை எலியை உண்பது அதன் பிறவிக்குரிய இயல்பு; அதனை நாம் ஏவவும் இல்லை, தடுக்கவும் இயலாது. ஆந்தையை விரட்டிவிட்டு வயலில் நஞ்சு வைப்பதோ நாம் எண்ணித் துணிந்து செய்யும் செயல். நஞ்சுண்டு தள்ளாடும் எலியைத் தின்று ஆந்தையும் மடிகிறது. இவ்விரண்டில் நம் கணக்கில் ஏறுவது எது என்று சிந்தித்தால் ஐயம் தீரும்.

நன்மை செய்த நம்பிக்கைகள்

எல்லா நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைத்துத் தள்ளிவிடவும் கூடாது. சிட்டுக்குருவி வீட்டில் கூடு கட்டினால் குடி விளங்கும் என்று சொல்லி, நம் முன்னோர் தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்தைத் தொங்கவிட்டனர். குடி விளங்கியதோ இல்லையோ, குருவி விளங்கியது. ஓட்டுக்கூரையின் இடுக்கும் வைக்கோற்போரும் நீங்கிய கான்கிரீட் வீட்டில் கதிர் தொங்கவிட்டால் மட்டும் போதாது. குருவி தானியம் உண்ணும். அதன் குஞ்சுகளுக்கோ முதல் நாட்களில் பூச்சியும் புழுவுமே உணவு. மருந்து தெளிக்காத கொஞ்சம் செடிகொடியும், சுவரில் ஒரு பொந்தும் வேண்டும்.

மதுராந்தகத்திற்கு அருகிலுள்ள வேடந்தாங்கலை நம்மவர் பலரும் சென்று கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியில், கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கொக்கும் அரிவாள் மூக்கனும் ஒரே மரத்தில் மாடிவீடுபோல் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அவ்வூரார் வழிவழியாக நம்பினர். எச்சத்திலே தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி என்று இன்றைய வேளாண்மை அறிவியலும் கூறுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றனர். 1858இல் அவ்வாணை புதுப்பிக்கப்பட்டது. 2022இல் இவ்வேரி ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆணையும் பட்டியலும் வருவதற்கு முன்னரே அப்பறவைகளைக் காத்தது ஓர் ஊரின் நம்பிக்கை.

மயிலைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஆண்மயிலின் கண்ணீரைப் பருகிப் பெண்மயில் கருவுறும் என்னும் கதையை 2017இல் வடநாட்டில் நீதிபதி ஒருவரே கூற, நாடு முழுவதும் அது பேசப்பட்டது. மயில் மற்றப் பறவைகளைப் போலவே இணைசேர்ந்து, புதர்மறைவில் தரையில் முட்டையிடுகிறது. அடைகாப்பது பெண் மட்டுமே. நம் திகம்பர முனிவர்கள் கையிலுள்ள பிஞ்சிக்குரிய பீலி, மழைக்காலம் முடியும்போது மயில் தானாகவே உதிர்ப்பது. பீலிக்கென்று மயிலைப் பிடிப்பதோ வருத்துவதோ பிஞ்சியின் நோக்கத்தையே அழிப்பதாகும். ஆகவே பீலியை வாங்கி அளிப்போர் அது எங்கிருந்து வந்தது என்று வினவுதல் கடமை.

இத்துடன் கிளியைப் பற்றிய ஒரு வேண்டுகோள். மரப்பொந்திலிருந்து கண்திறவாத குஞ்சுகளை எடுத்தே கூண்டுக்கிளிகளாகவும் சோதிடக் கிளிகளாகவும் விற்கின்றனர். நல்ல நாட்களில் அவற்றை விலைகொடுத்து வாங்கிப் பறக்கவிடுவதைச் சிலர் ஜீவகாருண்யமாகக் கருதுகின்றனர். நாம் கொடுக்கும் பணம் அடுத்த பொந்தைத் தேடிச் செல்பவனின் கூலி ஆகிறது. பொந்திலேயே எடுத்து வளர்க்கப்பட்ட கிளிக்கு இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் தெரியாது. வாங்குவோர் இல்லையெனில் பிடிப்போரும் குறைவர். விற்பவரைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே பொருத்தம்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

மழைப்பருவ விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகள், கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்க. இருபது முப்பது அடி தள்ளி அமர்ந்து, காலையில் அரைமணி நேரம் நோக்குக. முற்றுப்பெற்ற கூடு எத்தனை, தொப்பி நிலையில் நிற்பவை எத்தனை, மரத்தின் எந்தத் திசையில் மிகுதியாக உள்ளன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஒரு கூட்டிற்கு ஆண்குருவி அரைமணியில் எத்தனை முறை நார் கொண்டுவருகிறது என்றும் எண்ணுக. வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் அப்பறவையைப் பற்றி அவர்கள் கேட்ட கதையைக் கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதுக. கண்டதையும் கேட்டதையும் அருகருகே வைத்துப் பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கலாம். மரத்தில் ஏறுதலும், கிளையை அசைத்தலும், விழுந்து கிடக்கும் கூடாயினும் வீட்டிற்கு எடுத்து வருதலும் கூடா.